பிணவண்டி லைனில் பூத்த சகுரா

முப்பத்தொன்பது வயது வரை தினேஷ் தன் விலாசத்தை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தபோது கேட்டார்கள். "கோல்ஸ் பார்க் பக்கம்" என்றான். பீன்யாவில் அப்ரண்டிஸாக இருந்தபோது கேட்டார்கள். அப்போதும் கோல்ஸ் பார்க் பக்கம்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் மமதாவின் அப்பா கொஞ்சம் விடாப்பிடிக்காரர். பார்க்கிலிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டார். மேற்குப் பக்கம் என்று சொல்லி, மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். கல்யாணம் முடிந்து ஆட்டோவிலிருந்து இறங்கியபோதுதான் மமதா தெருமுனைப் பலகையைப் படித்தாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

பலகையில் பிணவண்டி லைன் என்று இருந்தது.

யாரும் வசவாக வைத்த பெயர் இல்லை அது. தொண்ணூற்றெட்டில், அதாவது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில், பெங்களூர் கண்டோன்மெண்டில் பிளேக் வந்து ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, பிணங்களை ஏற்றிப் போன மாட்டுவண்டிகள் இந்த இடத்தில்தான் நின்றன. ஓட்டியவர்களும் இங்கேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். வேறு தெருவில் அவர்களை யார் விடுவார்கள்? பிறகு பிளேக் போனது, மாடு போனது, வண்டியும் போனது. சுற்றிலும் பிரேசர் டவுன் எழும்பியது. வண்டிக்காரர்களின் வாரிசுகள் பெயிண்டராகவும் வார்டுபாயாகவும் ஸ்கூல் ஆயாவாகவும் ஆனார்கள்; தினேஷின் தாத்தா காலத்தில் லைன் மொத்தமும் பௌத்தத்துக்கு மாறியது. சாமி மாறினாலும் விலாசம் மாறவில்லை.

லைனின் தெற்கே இருபத்திரண்டு வீடுகள், ஒவ்வொன்றும் பதினோரு அடி அகலம். வடக்கே பழைய பங்களா ஒன்றை இடித்து எழுப்பிய ப்ளாஸம் கோர்ட், பதினாறு ஃபிளாட். விற்றவன் காட்டிய வண்ணப் புத்தகத்தில் பிரேசர் டவுனின் இதயம் என்று போட்டிருந்தது. இதயத்தின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று போடவில்லை. முதல் மாதக் கரண்ட் பில் முழு விலாசத்தோடு வந்தபோது பதினாறு வீட்டிலும் ஒரே நேரத்தில் காபி ஆறிப்போனது.

அவர்களில் அதிகம் நொந்தவர் சங்கத் தலைவர் சுப்ரமணியன். மாநில அரசில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாகப் பெங்களூரு. மகள் ஸ்னேஹாவின் கல்யாணப் பத்திரிகையில் விலாசத்தைப் பி.வி. லைன் என்று அச்சடித்தார். யாரோ தியாகியின் பெயர் என்று விருந்தினர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் திருத்தவில்லை.

ஆக, தெற்கில் ஒருவன் கோல்ஸ் பார்க் என்று சொல்லி ஒளிந்துகொண்டிருந்தான். வடக்கில் ஒருவர் பி.வி. என்று சொல்லி ஒளிந்துகொண்டிருந்தார். நடுவில் இருந்தது பன்னிரண்டு அடி ரோடு.

லைனில் அந்தப் பெயரை வாய் நிறையச் சொன்ன ஒரே ஆள் தினேஷின் அம்மா சரசு. முப்பது வருஷம் கான்வென்டில் ஆயாவாக இருந்து, இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்திய குரல். பேங்கோ ஆஸ்பத்திரியோ, கவுண்டரில் இருப்பவன் தலைநிமிர்வதற்குள் சொல்லிவிடுவாள்: "பிணவண்டி லைன், நம்பர் பதினாலு. எழுதிக்கோ."

தினேஷ் பொம்மசந்திராவில் ஒரு மெஷின் பார்ட்ஸ் கம்பெனியில் ஃபிட்டர். கம்பெனி ஜப்பானிலிருந்து புது மெஷின் வாங்கியது. ஓட்டப் பழக ஒருவன் பத்து வாரம் டோக்கியோ போக வேண்டும். சீனியர்கள் இரண்டு பேருக்குப் பாஸ்போர்ட் இல்லை, மூன்றாமவருக்கு மாமியார் சரியில்லை. தினேஷ் போனான். அட்மினில் இருந்த ரக்ஷிதா அவனுக்குத் தங்க இடம் தேடினாள். கம்ப்யூட்டரில் டோக்கியோ என்று அடித்து, விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, முதலில் வந்ததைப் பிடித்தாள். சுத்தமான ஹோட்டல், ஸ்டேஷன் பக்கத்திலேயே என்று சொல்லி அனுப்பினாள். இரண்டும் உண்மைதான்.

மூன்று பாய் விரித்தால் முடிந்துவிடும் அறை. கால் நீட்டினால் ஒரு சுவர், கை நீட்டினால் இன்னொரு சுவர். போனில் படம் அனுப்பினான். சரசு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம வூடே பெருசுடா. இதுக்கா பிளேன் ஏறிப் போனே?" என்றாள்.

இரண்டாம் நாள், மெஷின் சொல்லிக்கொடுத்த ஒகுமுரா, எங்கே தங்கியிருக்கிறாய் என்று மரியாதைக்குக் கேட்டார். மினாமி-சென்ஜு ஸ்டேஷன் பக்கம் என்றான். எந்தப் பக்கம்? தெற்குப் பக்கம். ஒகுமுரா டீக் கோப்பைக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையைத் தினேஷுக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். அதை இங்கேயும் தயாரிக்கிறார்கள் என்பது மட்டும்தான் புதிது. கடைசியில் ஒகுமுரா போனில் எதையோ டைப் அடித்து மொழிபெயர்த்துக் காட்டினார். அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் மேப்பில் இருக்காது என்று அதில் வந்தது.

பெயர் சான்யா. மிச்சக் கதையை விடுதி நடத்திய அம்மாள், அதே மாதிரி போனை நடுவில் வைத்துக்கொண்டு, பத்து வாரத்தில் தவணை தவணையாகச் சொன்னாள். ராஜாக்கள் காலத்தில் ஊர் எல்லை அது. பக்கத்தில் தலை வெட்டும் மைதானம். வெட்டுப்படப் போகிறவனைச் சொந்தக்காரர்கள் கடைசியாகப் பார்த்து அழுதது ஒரு சின்னப் பாலத்தில். அதனால் அதற்குக் கண்ணீர்ப் பாலம் என்று பெயர். ஆற்றை மூடிவிட்டார்கள், பாலம் இல்லை, ஆனால் நாற்சந்திக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இன்னும் அதே பெயர். பிணமும் தோலும் தொட்ட சனங்கள் அந்த வட்டாரத்தில்தான் இருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஊரைத் திரும்பக் கட்ட ஆள் தேவைப்பட்டபோது, வேலை தேடி வந்த ஆண்களெல்லாம் இங்கே இறங்கினார்கள். விடியற்காலை ரோட்டோரம் நிற்பார்கள். லாரி வரும், விரல் நீட்டும், ஏறிக்கொள்வார்கள். அறுபத்து நாலு ஒலிம்பிக்ஸுக்கு ஸ்டேடியம் கட்டியதும் மேம்பாலம் போட்டதும் அந்தக் கைகள்தான். கட்டி முடித்த இரண்டாம் வருஷம், அறுபத்தாறில், சான்யா என்ற பெயரை விலாசத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இடத்தைத் துண்டு போட்டுப் பக்கத்துப் பேட்டைகளின் பெயர்களோடு ஒட்டினார்கள். கூலி அப்படியே, மூன்று பாய் அறை அப்படியே. இப்போது அந்த ஆட்கள் கிழவர்களாகி அதே அறைகளில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். காலியான அறைகளில் முதுகுப்பை வெள்ளைக்காரர்களும் ஒரு பிரேசர் டவுன் ஃபிட்டரும்.

"இப்ப இந்த இடத்தை என்னன்னு சொல்லுவீங்க?" என்று தினேஷ் போனிடம் கேட்டான். அந்த அம்மாள் போனைப் பார்க்காமலே பதில் சொன்னாள். சான்யா.

தினேஷ் திரும்பி வந்தபோது லைனில் எல்லோர் வாயிலும் இ-காத்தா. வீட்டுக் காகிதத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சொந்தக்காரர் பெயரைப் பதிய வேண்டும். ஏற்றாத வீடு நாளைக்கு விற்கவும் முடியாது, வைத்துக்கொள்வதும் நிச்சயமில்லை. இரண்டு லைன் தள்ளி அப்படிக் காகிதம் இல்லாத ஏழு வீடுகள் போன வருஷம்தான் ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங் ஆகியிருந்தன. சரசுவிடம் காகிதம் இருந்தது. மாமனார் காலத்து வரி ரசீது முதல் எல்லாவற்றையும் ஒரு தகர டிரங்குப் பெட்டியில், கான்வென்ட் யூனிஃபார்ம் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். அத்தனையிலும் பிணவண்டி லைன், நம்பர் பதினாலு.

வார்டு ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, மனுக்களும் எழுதிக்கொடுக்கும் கோவிந்தப்பா எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். "பேப்பர் பஹள சென்னாகிதே, ரொம்ப நல்லாயிருக்கு, தினேஷா. காகிதத்துல என்ன ரோடு இருக்கோ, கம்ப்யூட்டர் லிஸ்ட்லயும் அதே ரோடு இருக்கணும். அவ்ளோதான். மார்ச்ல உனக்கு நம்பர் வரும்" என்றார்.

மார்ச்சுக்கு முன்னால் பிப்ரவரி வந்தது. லைன் முனையில் ஒரு டபூபியா மரம் உண்டு. பிப்ரவரியில் இலையெல்லாம் கொட்டி, உடம்பு முழுக்க ரோஸ் நிறத்தில் பூக்கும். பெங்களூருக்காரர்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்து, சகுரா பூ பார்க்க ஜப்பானுக்கே போகவேண்டாம் போலிருக்கிறது என்று போடுவார்கள். சுப்ரமணியனின் மருமகளும் போட்டாள். அதை அவர் பார்த்தார். அவர் மகன் சாய்கிருஷ்ணா தன் ஃபிளாட்டை விற்கப் பார்த்து, விலாசத்தைக் கேட்ட மூன்று பேர் திரும்பிப் போயிருந்தார்கள். சுப்ரமணியன் ஒரு இரவு தூங்காமல் யோசித்து, மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் நிகழ்ச்சி நிரல் போட்டார். ஒன்று: ஜப்பானில் தூய்மை, உரை, திரு. தினேஷ். இரண்டு: நம் தெருவுக்குச் சகுரா அவென்யூ என்று பெயர் சூட்டுதல். மூன்று: சமோசா.

நேரிலும் வந்து அழைத்தார். "நீங்கள்ளாம் பௌத்தாதானேப்பா? உனக்கு ஜப்பான் பிறந்தாம் மாதிரி இருந்திருக்கும்" என்றார். தினேஷ் சிரித்து வைத்தான். அவர் போனபிறகு நிரலை இரண்டாம் முறை படித்தான். பெயர் மாறினால் டிரங்குப் பெட்டியில் இருப்பதெல்லாம் இல்லாத தெருவின் காகிதம்.

சரசு நேராகச் சொன்னாள். "எழுந்து வேணாம்னு சொல்லு. பேப்பர் மாட்டிக்கும்னு சொல்லு. சுத்தி வளைக்காதே."

ஆனால் சுற்றி வளைப்பதில்தான் தினேஷுக்கு முப்பத்தொன்பது வருஷ அனுபவம். தன் வீட்டுக் காகிதத்தை ஃபிளாட்காரர்கள் முன் விரிக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சான்யாவைச் சொல்வோம், பெயரை எடுத்தால் ஜனம் என்ன ஆகிறது என்று அவர்களே புரிந்துகொள்வார்கள், படித்தவர்கள்தானே என்று நினைத்தான்.

ஞாயிறு காலை, ப்ளாஸம் கோர்ட் பார்க்கிங்கில், இரண்டு கார்களை வெளியே தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். லைன்காரர்களுக்குப் பின்வரிசை, அதற்கும் பின்னால் ஜெனரேட்டர். தினேஷ் எழுந்து, தூய்மையை இரண்டு வரியில் முடித்தான். குப்பைத்தொட்டியே இல்லை, ஆனால் குப்பையும் இல்லை. கைத்தட்டல். பிறகு சான்யாவுக்கு வந்தான். தலை வெட்டும் மைதானம், கண்ணீர்ப் பாலம், விடியற்காலை லாரி, மூன்று பாய் அறை, ஸ்டேடியம் கட்டிய கை, அறுபத்தாறில் அழித்த பெயர் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவன் நின்று பேசியதில்லை. முடித்தபோது சமோசாவை எடுத்த கைகள் அப்படியே நின்றன. உறைத்துவிட்டது என்று நினைத்தான்.

சுப்ரமணியன் மெல்ல எழுந்தார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"அறுபத்தாறுலேயே பண்ணிட்டான் பாருங்கோ ஜப்பான்காரன். நாம அறுபது வருஷம் பின்தங்கியிருக்கோம்."

கைத்தட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பின்வரிசையில் தூக்கிய எதிர்ப்புக் கைகளை ஜெனரேட்டர் மறைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஜப்பான் சென்று திரும்பிய தொழில்நுட்ப வல்லுநர் திரு. தினேஷ் அவர்களின் பரிந்துரைப்படி என்று மினிட்ஸில் எழுதினார்கள். அவன் கையில் ஒரு சால்வையும் விழுந்தது.

வீட்டில் சரசு சால்வையைத் தடவிப் பார்த்தாள். "நல்ல துணிதான். இன்னாடா நைனா, வேணாம்னு சொல்லப் போயி வேணும்னு சொல்லிட்டு வந்திருக்கே?"

அரசுக் காகிதத்தை நகர்த்துவதில் சுப்ரமணியனுக்கு இருந்த தேர்ச்சி பாலம் கட்டுவதில் இருந்திருந்தால் பெங்களூரில் பல பாலங்கள் சீக்கிரம் முடிந்திருக்கும். மார்ச் பிறக்கும் முன்பே பழைய பலகை போய், ரோஸ் நிறத்தில் சகுரா அவென்யூ வந்தது. திறப்புவிழா அன்று மரத்தில் பூவெல்லாம் உதிர்ந்திருந்தது. பிளாஸ்டிக்கில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆட்டோக்காரர்களும் சிலிண்டர் போடுபவரும் ரோஸ் பலகைக்கு அடியில் நின்று, பிணவண்டி லைன் எங்கே என்று விசாரித்தார்கள். பிரேசர் டவுனுக்கே எப்போதோ புலகேசி நகர் என்று பெயர் மாற்றியாயிற்று. அதையே அவர்கள் இன்னும் கேள்விப்படவில்லை.

கம்ப்யூட்டர் மட்டும் உடனே கேள்விப்பட்டது. தினேஷின் நம்பர் வந்த அன்று கோவிந்தப்பா பட்டியலை மேலும் கீழும் இழுத்தார். சகுரா இருந்தது. பிணவண்டி இல்லை. தினேஷின் காகிதத்தில் பிணவண்டி இருந்தது, சகுரா இல்லை. "யாரப்பா இந்த ஐடியா கொடுத்தவன்?" என்று கோவிந்தப்பா கேட்டார். தினேஷ் ரசீதுகளை எண்ணி அடுக்கினான். இரண்டும் ஒரே தெரு என்று தனியாக மனு போட வேண்டும், ஆனால் ஒரு ஓட்டு வீட்டுக்காக யார் அதைத் திறந்து பார்ப்பார்கள் என்று சொல்லி, கோவிந்தப்பா ஜெராக்ஸ் மெஷினைப் பார்க்கத் திரும்பினார். தினேஷ் மனு போட்டான். இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் போய் வந்தான். மனு அப்படியே இருந்தது. அதன் மேல் வேறு மனுக்கள் ஏறின. இரவில் மமதா, பார்க்கிங் ஆன அந்த ஏழு வீட்டுக்காரர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, சுப்ரமணியன் ரோட்டைத் தாண்டி வந்தார். கூடவே மனைவி ஜகதாம்பாள், கையில் மாம்பழப் பையோடு. பதினைந்து வருஷத்தில் அவர்கள் அந்த வாசலில் நுழைவது அதுவே முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே ஜன்னலில் தங்கள் பால்கனியே தெரிவதைப் பார்த்து ஜகதாம்பாள் கொஞ்சம் திடுக்கிட்டாள். அங்கே அவளுடைய உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சாய்கிருஷ்ணாவின் ஃபிளாட்டுக்கு, புதுப் பெயரின் அழகில் மயங்கி, ஒருவன் வந்துவிட்டான். முன்பணமும் தயார். ஆனால் கிரயப் பத்திரத்தில் இருப்பது பிணவண்டி லைன், பதினாறு ஃபிளாட்டுக்கும் அதுவே. பெயரை மாற்ற ஓடிய ஓட்டத்தில் தங்கள் பத்திரத்தைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெயரைப் படிக்கவேண்டுமே என்றுதான் அதை லாக்கரிலேயே வைத்திருந்தார்கள். இப்போது பதினாறு இ-காத்தாவும் நின்றுவிட்டது. இரண்டும் ஒரே தெரு என்று நிரூபிக்க, லைனில் ஐம்பது வருஷமாவது குடியிருப்பவர்களின் காகிதமும் கையெழுத்தும் வேண்டுமாம். ப்ளாஸம் கோர்ட்டின் வயது பதினைந்து.

"உங்ககிட்ட பழைய ரசீது இருக்குன்னு அந்தக் கோவிந்தப்பா சொன்னார்" என்றார் சுப்ரமணியன்.

தினேஷ் பழக்க தோஷத்தில் எழுந்து டிரங்குப் பெட்டி பக்கம் போனான். சரசு அதற்கு முன்பே போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த லைன் ரசீது சார்?"

"அதான்மா... நம்ம பி.வி. லைன்."

"பி.வி. லைன்னு எங்ககிட்ட எதுவும் இல்லியே சார்."

சுப்ரமணியன் மனைவியைப் பார்த்தார். ஜகதாம்பாள் ஜன்னலைப் பார்த்தாள். "சொல்லிடுங்கோளேன், வாய் வெந்துடாது" என்றாள்.

"பிணவண்டி லைன்" என்றார் அவர், மெதுவாக.

"இன்னா சார்? ஒரு காது எனக்கு மந்தம்."

"பிணவண்டி லைன்" என்றார் சுப்ரமணியன், பொதுக்கூட்டக் குரலில். பக்கத்து வீட்டில் யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

சரசு எழுந்திருக்கவில்லை. தினேஷ் அம்மாவைப் பார்த்தான். பார்க்கிங்கில் சொல்லாமல் விட்டது ஞாபகம் வந்தது. நாற்காலியை இழுத்து அவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான்.

"சார், மனு ஒண்ணுதான் போடணும். முப்பத்தெட்டு வீட்டுக்கும் சேர்த்து. எங்க இருபத்திரண்டு முதல்ல, உங்க பதினாறு அப்புறம். எங்களுது ஏறாம உங்களுது ஏறக்கூடாது. நீங்களே எழுதுங்க, உங்க எழுத்துன்னா ஆபீஸ்ல படிப்பாங்க. எழுதினதும் ரசீது தர்றோம்."

"ஜெராக்ஸ்" என்றாள் சரசு.

சுப்ரமணியன் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. மனு எழுதத் தெரிந்தவர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிணவண்டி லைன் என்றே வழிவழியாக அறியப்பட்டு வருவதும், மேற்படி பெயரிலேயே வரி செலுத்தப்பட்டு வருவதும், அதன் குடிகளால் பெருமையுடன் பேணப்பட்டு வருவதுமான மேற்படி தெரு, என்று ஒரே வாக்கியம் முக்கால் பக்கம் போனது. மேற்படி பெருமையைப் படித்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதி முடித்துவிட்டு முதல் பக்கத்தில் தன் விலாசத்தையும் எழுதினார். பதினைந்து வருஷத்தில் அதை முழுதாக எழுதியது அப்போதுதான்.

மனு மூன்று வாரத்தில் நகர்ந்தது. பட்டியலில் இப்போது சகுரா அவென்யூ உரூஃப் பிணவண்டி லைன் என்று இருக்கிறது; உரூஃப் என்றால் 'என்கிற'. சாய்கிருஷ்ணாவின் ஃபிளாட்டை வாங்க வந்தவன் உரூஃபுக்குப் பின்னால் இருந்ததைப் படித்துவிட்டு மறுபடி யோசிக்கப் போனான்; இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். சரசுவின் பெயரில் வீடு ஏறிய காகிதத்தை மமதா லேமினேட் செய்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

கம்பெனியில் எல்லோருடைய விலாசத்தையும் சரிபார்க்கச் சொல்லி அட்மினில் ஒரு ஃபாரம் சுற்றுக்கு வந்தது. தினேஷ் பழையதை அடித்துவிட்டு எழுதிக்கொடுத்தான். ரக்ஷிதா இரண்டு தடவை படித்தாள்.

"சார், முன்னாடி கோல்ஸ் பார்க்னு இருந்துச்சே?"

"கோல்ஸ் பார்க்ல எவனாச்சும் குடியிருப்பானா மேடம்?" என்றான் தினேஷ். "அது பார்க்கு."